காடை பறந்த கதை

ஜிஸாக் ஊரில் நரம்புச் சிலந்தி என்கிற புழு வராத கால் கிடையாது. குளத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர். இந்தக் கோடை இல்லாவிட்டால் அடுத்த கோடை, முழங்காலுக்குக் கீழே ஒரு கொப்புளம் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் நாலு நாள் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் நுனி ஒன்று எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்து ஊரில் யாரும் பதறுவதில்லை. நாவிதன் ஹம்தம் வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போவார்கள். தொழில் தெரிந்தவன் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவன் உஸ்தா.

ருஷ்யப் பட்டாளம் ஊரை அடித்துப் பிடித்துக் கோட்டையில் குடியேறிய பிறகு, அதே குளத்துத் தண்ணீரைத்தான் அவர்களும் குடித்தார்கள். காய்ச்சி ஆறவைத்துக் குடியுங்கள் என்று பட்டாளத்து டாக்டர் தொண்டை கிழியக் கத்தினாராம். விறகுக்கு எங்கே போவது, வெயிலில் வந்தவன் ஆறும்வரை எங்கே காத்திருப்பது? இரண்டாம் கோடை வந்ததும், வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தோல் கால்சட்டையுமாக ஒவ்வொருத்தனாக நொண்ட ஆரம்பித்தான். டாக்டருக்கோ குளிர்காய்ச்சல்காரர்களைப் பார்க்கவே நேரம் போதவில்லை. புழுவைச் சுற்றி எடுக்கிற வேலைக்கு நாவிதனிடமே போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

முதல் சிப்பாய் தெருவில் நொண்டிக்கொண்டு போனதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்த அன்று ஹம்தமின் தங்கை கும்ரி சிரித்தாள். புருஷன் செத்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"என்னடி அவ்வளவு சந்தோஷம்?" என்றாள் அண்ணி இனாயத், தந்தூரி அடுப்பின் சுவரில் ரொட்டியை அறைந்துகொண்டே.

"நம்ம ஊரு புழு நம்மாளுங்கள விட ரோஷக்காரப் புழுவா இருக்கே அண்ணி. ஒருத்தன் விடாம கடிக்குது பாரேன்."

அந்தச் சந்தோஷம் வெகுநாள் நிலைக்கவில்லை. சிப்பாய்களுக்கு ஹம்தம் குளத்தங்கரை டீக்கடையில் வைத்துத்தான் புழு எடுத்துக்கொண்டிருந்தான். கடைக்காரன், காஃபிர் உட்கார்ந்த ஜமுக்காளத்தில் இனி யார் உட்காருவான் என்று முணுமுணுத்ததால், சிப்பாய்களை ஹம்தம் வீட்டுக்கே வரச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படி வந்தவர்களில் ஒருவன் நிக்கிஃபோர். தாடி வைத்த, அகலமான ஆள். கூடவே கைனுல்லா என்ற தாத்தார் துபாஷி வருவான். இரண்டு பாஷையும் தெரிந்தவன், இரண்டிலும் வாய் மூடத் தெரியாதவன்.

வெளியறையில் ஹம்தம் சம்மணம் போட்டு உட்காருவான். சிப்பாயின் கால் அவன் மடியில் இருக்கும். உள்ளறையிலிருந்து கும்ரி ஆழக் கிணற்றுத் தண்ணீரைச் செம்புப் பாத்திரத்தில் ஊற்றி, கம்பளித் திரைக்கு அடியில் நகர்த்தி வைப்பாள். குளிர்ந்த தண்ணீர் பட்டால்தான் புழு இளகிக்கொடுக்கும். ஹம்தம் அதைப் புண்ணின் மேல் மெல்ல ஊற்றுவான். வெண்ணெய் தடவிய கட்டைவிரலால் காலைக் கீழிருந்து மேலாக நீவுவான். பிளந்த நாணல் குச்சியில் நூல் நுனியைக் கவ்வ வைத்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. உள்ளேயிருந்து புழு முரண்டு பிடிப்பது விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுவான். குச்சியைக் காலோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அறுந்துவிட்டால் உள்ளே தங்கிய பாதி அழுகும், பிறகு காலும் அழுகும், பிறகு ஆள்.

"உஸ்தா, ஒரே இழுப்பா இழுத்துப் போடச் சொல்றான். தெனமும் கோட்டையில இருந்து நொண்டிக்கிட்டு வர முடியலயாம்," என்றான் கைனுல்லா.

"ஒரே இழுப்பா இழுத்தா இவன் ஒரே போக்கா போயிருவான்னு சொல்லு."

கைனுல்லா சொன்னான். நிக்கிஃபோர் தொடையைத் தட்டிச் சிரித்து ஏதோ சொன்னான்.

"உங்க வீட்டு ரொட்டி இருக்கிற வரைக்கும் இவன் எங்கயும் போறதா இல்லயாம்."

வாசலேறி வந்தவனுக்கு ரொட்டியும் தேநீரும் வைக்காமல் விட முடியுமா? எவனாக இருந்தாலும் வைத்துத்தான் ஆக வேண்டும். இனாயத் வைத்தாள். கும்ரி பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டித் தட்டைத் தள்ளிவிடுவாள்.

பாதிப் புழு வெளியே வந்திருந்த சமயம் அது. பக்கத்து வீட்டு முற்றத்தில் தொங்கிய கூண்டிலிருந்து ஒரு காடை கூவியது. நிக்கிஃபோர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். முகம் மலர்ந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தான். கைனுல்லாவும் குஷியாகிவிட்டான்.

"உஸ்தா, இதக் கேளு. ஊருக்குள்ள புகுந்த அன்னைக்கி கிழக்கு வாசப் பக்கம் ஒரு வீட்டு மச்சுல ஒருத்தன் நின்னானாம். முலாம்பழக் கீத்த காயப் போட்டுக்கிட்டு. எல்லாவனும் ஓடுறான், அவன் மட்டும் ஓடல. கையில ஒண்ணுமில்ல. ஆனா எடது சட்டைக்கைக்குள்ள என்னமோ துடிக்குது. கைத்துப்பாக்கிதான்னு நெனச்சு நிக்கிஃபோர் ஈட்டிய எறக்கிட்டானாம். ஆளு சரிஞ்சான், கை பொத்துன்னு விழுந்துச்சு. பாத்தா, உள்ள இருந்து ஒரு காடை! படபடன்னு எழும்பிப் பறந்தே போச்சு. அத்தன பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்."

கும்ரியின் கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் புருஷன் யுல்தாஷ் காடைப் பைத்தியம். பந்தயக் காடையை எப்போதும் இடது சட்டைக்கைக்குள் வைத்துக்கொண்டு திரிவான். தினையை வாயில் மென்று ஊட்டுவான். "என்னைக் கட்டிக்கிட்டியா, அதக் கட்டிக்கிட்டியா?" என்று இவள் சண்டை பிடித்தால், "அதுக்கு உன்ன மாதிரி வாய் இல்லயே," என்பான். மச்சிலிருந்து அவனை இறக்கிக் கொண்டுவந்தபோது சட்டைக்கைக்குள் தினையும் இரண்டு இறகும் ஒட்டிக்கொண்டிருந்தன. காடை எங்கே போயிற்று என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஹம்தமின் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது. அந்த ஒரு நொடியைத் திரை ஓரத்து இடுக்கில் கும்ரி பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது. புரிந்தும் சுற்றுகிறான்.

அவர்கள் போன பிறகு அவள் அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டியாண்ணே?"

"கேட்டேன்."

"கேட்டும் உன் கை நடுங்கல."

"நடுங்கியிருந்தா அறுந்திருக்கும்."

"அறுந்தா என்ன? கேக்கறேன், அறுந்தா என்ன? யுல்தாஷ் உனக்கு யாரு? உன்கூட ஒரே தட்டுல தின்னவன்தான?"

ஹம்தம் வெண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்து முடிந்த கையை மறுபடியும் துடைத்தான்.

"கால் என் மடிமேல ஏறிட்டா அவன் என் பொறுப்பு, கும்ரி. அப்பா இந்தக் குச்சிய என் கையில குடுக்கும்போது வாங்கின சத்தியம் அது. கழுத்துல கத்தி வச்சுச் செரைக்கிற சாதி நாம. எவன் எதிரி, எவன் சிநேகிதன்னு பாக்க ஆரம்பிச்சா நாளைக்கி எவன் கழுத்த நீட்டுவான்?"

"குத்தும்போது அவன் அதெல்லாம் பாத்தானா?"

"அவன் செஞ்சத அல்லா கேப்பான்."

"அல்லாவுக்கு ஆயிரம் வேல இருக்கும். எனக்கு இது ஒண்ணுதான் வேல."

இனாயத் மாவுக் கையோடு உள்ளே வந்தாள். "மெதுவாப் பேசு. இந்த வீட்டுல ஒரு சிப்பாய் செத்தான்னா கோட்டைக்காரன் தெருவையே கொளுத்திருவான். நீ ஒண்டிக்கட்ட. எனக்கு ரெண்டு புள்ள இருக்கு."

"நான் ஒண்டிக்கட்ட ஆனது யாராலன்னு நாளைக்கி அவனுக்கு ரொட்டி வைக்கும்போது கேட்டுச் சொல்லு அண்ணி."

இனாயத் மாவுக் கையை உதறிக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினாள். அன்று சாயங்காலம் பள்ளத்தாக்கிலிருந்து புழுதிக் காற்று கிளம்பி, உலர்த்தியிருந்த மல்பெரிப் பழமெல்லாம் மண்ணாயிற்று. எடுத்து வைக்க யாருக்கும் மனசில்லை.

முன்பென்றால் கும்ரி தீர்ப்புச் சொல்கிற காஜியிடம் போயிருப்பாள். புருஷனைக் கொன்றவனுக்கு என்ன தண்டனை என்று கேட்கும் உரிமை பெண்டாட்டிக்கு உண்டு. இப்போது காஜி கோட்டை வாசலைத் தாண்ட முடியாது. நாலு நாள் அவள் அதையே நினைத்துக்கொண்டு ரொட்டி தட்டினாள், பால் காய்ச்சினாள், அண்ணன் பிள்ளைகளின் துணிகளை வெளுத்தாள். துணி வெளுக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது.

பாலைச் செடியை எரித்தெடுத்த காரச்சாம்பல் துணிக்கு ஆகும், புழுவுக்கு ஆகாது. சின்ன வயசில் காரம் கரைத்த கையோடு அவள் அப்பாவின் செம்புப் பாத்திரத்தைத் தொட்டதற்கு முதுகில் அறை வாங்கியிருக்கிறாள். கார நீர் பட்டால் புழு வெடுக்கென்று சுருங்கி, கை வைத்ததும் இற்றுவிடும். இது நாவிதன் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும்?

மறுநாள் காரத்தைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்ததை மட்டும் கிணற்று நீரில் கலந்தாள். வாடை தெரியாமலிருக்க இரண்டு புதினாத் தழையைக் கசக்கிப் போட்டாள். கை நடுங்கவில்லை. அண்ணனுக்கு மட்டும்தானா கை நடுங்காது என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கி புதினா எல்லாம் போட்டிருக்காங்களே. நமக்கும் மரியாத கூடிருச்சு போல," என்றான் கைனுல்லா.

ஹம்தம் நீரை ஊற்றினான். நிக்கிஃபோர் எரிச்சலில் ஸ்ஸ் என்றான். ஒரு சுற்று. இரண்டாம் சுற்று பாதியில் நின்றது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அறுந்தால் சத்தம் வராது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. குச்சி மட்டும் ஹம்தமின் விரலில் லேசாகச் சுழன்றது. அவன் விரலை மூக்கருகே கொண்டுபோனான். மோந்தான். பிறகு திரையைப் பார்த்தான்.

"என்ன உஸ்தா?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கி இவ்வளவுதான். கால ஆட்டாம படுத்திருக்கச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

சிப்பாய் ரொட்டியைத் தின்று, இன்னொன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு போனான். ஹம்தம் பாத்திரத்தைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தான். தங்கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கால் வீங்கியது, கறுத்தது. டாக்டர் முழங்காலுக்கு மேலே அறுத்தெடுத்தும் ஆள் தேறுவதாக இல்லை என்று செய்தி வந்த அன்றைக்கே இரண்டு சிப்பாய்கள் வந்து ஹம்தமைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேண்டுமென்றே அறுத்தான் என்பது குற்றம். ஹம்தம் ஒரே வார்த்தைதான் சொன்னான். "என் கை தவறிருச்சு."

இனாயத் கும்ரியின் முடியைப் பிடித்து உலுக்கினாள். "திருப்தியாடி? உன் புருஷன் செத்தான்னு என் புருஷனையும் அனுப்பிட்டியா? கவாத்து மைதானத்துல கட்டி வச்சு அடிக்கிறாங்களாம். கை தவறிருச்சுன்னு சொல்றாரு. அந்தக் கை என்னைக்குடி தவறுச்சு?"

கும்ரி உலுக்கலுக்கு உடம்பைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் முதுகில் விழுவது தனக்கு விழ வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கும் அடியில், யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில், அவளுக்குச் சுகமாக இருந்தது. வலி என்றால் என்னவென்று நிக்கிஃபோருக்கு இப்போது தெரியும். ஒரே ஒரு குறை. எதற்காக வலிக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஏதோ புழு அறுந்து சாகிறோம் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவான். அது எப்படிப் பழியாகும்? காடை யாருடையது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

"நான் கோட்டைக்குப் போறேன் அண்ணி. நான்தான் செஞ்சேன்னு சொல்றேன். அண்ணன விட்டுருவாங்க."

"போ. போய்ச் சொல்லித் தொல."

கோட்டை வாசலில் கைனுல்லாவைப் பிடித்து, முதலில் நிக்கிஃபோரைப் பார்க்க வேண்டும் என்றாள். பட்டாளத்து ஆஸ்பத்திரி பழைய சத்திரம் ஒன்றில் இருந்தது. முன்பு ஒட்டகக்காரர்கள் மூட்டை இறக்கிய அறைகளில் இப்போது காய்ச்சல்காரர்கள் நாணல் பாயில் வரிசையாகக் கிடந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் கனத்த மேலங்கியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டி நடுங்கினார்கள். ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா என்பது எந்தப் பாஷையிலும் புரிந்துவிடுகிறது. காடியும் சுண்ணாம்பும் மலமும் கலந்த நாற்றம் முக்காட்டைத் தாண்டி ஏறியது. டாக்டரின் முகமே மஞ்சள் பூத்துப்போயிருந்தது. கைனுல்லா கேட்டதற்கு, போய்ப் பார்க்கட்டும், இனி என்ன ஆகிவிடப் போகிறது என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு அடுத்த பாய்க்குப் போனார்.

நிக்கிஃபோர் மூலையில் கிடந்தான். அகலமான ஆள் பாதியாகியிருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"சொல்லு இவன்கிட்ட," என்றாள் கும்ரி. "அந்த மச்சுல நின்னவன் பேரு யுல்தாஷ். என் புருஷன். அவன் காடையப் பாத்துத்தான் இவன் சிரிச்சான். தண்ணியில காரத்தக் கரைச்சது எங்கண்ணன் இல்ல, நான். எதுக்குச் சாகறோம்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாகட்டும்."

கைனுல்லா வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"சொல்லுய்யா!"

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே," என்றான் அவன் மெதுவாக. "அந்தக் கத இவனோடது இல்லயே."

"எந்தக் கத?"

"காடைக் கத. இவன் அப்போ இந்த ஊர்லயே இல்ல. அடுத்த வசந்தத்துல வந்த கூட்டத்தோட வந்தவன். அது சவேலின்னு ஒருத்தன் சொல்றது. அந்தாளு மொதக் கோடையிலயே குளிர்காய்ச்சல்ல போயிட்டான், இதே சத்திரத்துல. செத்தவன் சாமானக் கூட்டாளிங்க ஏலம் போட்டு எடுத்துக்குவாங்க, அது இவங்க வழக்கம். சவேலியோட பூட்ஸ இவன் எடுத்தான். கதையவும் சேத்து எடுத்துக்கிட்டான். எல்லாவனும் அப்படித்தான். செத்தவன் கதைய உயிரோட இருக்கறவன் தன் கதையாச் சொல்லுவான். கம்பெனியில யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"உனக்கு இது தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்க வீட்டுல வந்து அதச் சொன்னே."

"நல்ல கதம்மா அது. காடை பறந்துச்சுன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. உஸ்தாவும் சிரிப்பாருன்னு..."

"பொய். இவனக் காப்பாத்தப் பொய் சொல்றே. இவன்கிட்டயே கேளு."

கைனுல்லா குனிந்து கேட்டான். நிக்கிஃபோர் கண்ணைத் திறந்தான். கேள்வி புரிந்ததும், திருட்டு அகப்பட்டதுபோல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே கொஞ்சம் பேசினான்.

"இவன் ஒரு சண்டையும் பாத்ததில்லயாம். கெணறு வெட்டுனானாம், மாவு மூட்ட சுமந்தானாம். ஊருக்குப் போனா என்னத்தச் சொல்றதுன்னுதான் அந்தக் கதைய வச்சிருந்தானாம். நீ யாருன்னு கேக்கறான்."

"யாருன்னு சொன்னே?"

"உஸ்தாவோட தங்கச்சின்னேன். அதுக்கு மேல என் நாக்கு எழும்பல."

நிக்கிஃபோர் அவள் முக்காட்டைப் பார்த்து மறுபடி ஏதோ சொன்னான். ரொட்டியைப் பிய்ப்பதுபோல விரலை அசைத்தான்.

"ரொட்டி நல்லா இருந்துச்சாம். அண்ணனப் பத்திப் பயப்படாதன்னு சொல்றான். நானே கட்ட அவுத்துப் புழுவ இழுத்துப் பாத்தேன், உஸ்தா மேல குத்தமில்லன்னு காலையில டாக்டர்கிட்டச் சொல்லிட்டானாம். நாளைக்கி விட்டுருவாங்க."

"இழுத்தானா?"

"எங்க இழுத்தான்? பொய்தான்."

கும்ரிக்கு நிக்கிஃபோரை அறைய வேண்டும்போல வந்தது. திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பாள். இத்தனை நாள் அடைகாத்த ஆத்திரம் முழுசாக உள்ளேயே இருந்தது, ஒரு துளி குறையவில்லை, கொண்டுபோய்க் கொட்டத்தான் ஆளில்லை.

"சவேலிய எங்க பொதச்சாங்க?"

"மதிலுக்கு வெளிய. அந்தக் கோடையில தெனமும் நாலஞ்சு பேரு போனாங்க. எல்லாத்துக்கும் ஒரே குழிதான். எவன் எங்க கெடக்கறான்னு யாருக்குத் தெரியும்?"

காய்ச்சல் அவளை முந்திக்கொண்டுவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்த அந்த முதல் வருஷத்திலேயே, அவளைக் கேட்காமல், அவளுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஹம்தமை விட்டுவிட்டார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இனாயத் வெந்நீரால் நனைத்து நனைத்துப் பிரித்தெடுத்தாள். நிக்கிஃபோர் செத்த செய்தி அவனுக்குப் பின்னாலேயே வந்தது. அதைக் கேட்டுவிட்டு, தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரொட்டியைத் தொடவில்லை. வாசலில் கால் புழுவோடு வந்து நின்ற பக்கத்துத் தெருக்காரனை, வேறு ஆளைப் பார் என்று அனுப்பிவிட்டான்.

"கும்ரி," என்றான் கடைசியில். "என் கைய வச்சு நீ செஞ்சுட்டே. அதப் பத்தி நான் பேசல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன நேர்ல பாத்தியே. யுல்தாஷக் கொன்னவன் அவன்தான?"

இனாயத் வெந்நீர்த் துணியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

கும்ரி அண்ணனின் முதுகைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"அவன்தாண்ணே. காடையோட எறகு என்ன நெறம்னுகூடச் சொன்னான். அழுதான்."

ஹம்தம் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டான். உள்ளங்கைகளால் முகத்தை வழித்துக்கொண்டான். "அப்போ சரி," என்றான். "யுல்தாஷுக்கு இனிமே நிம்மதி." பிறகு ரொட்டியை எடுத்துப் பிய்த்தான். பாதியைத் தங்கையிடம் நீட்டினான். முடியைப் பிடித்து உலுக்கிய இனாயத்தே வந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "என் ராசாத்தி, சாதிச்சிட்டே," என்றாள்.

மறுநாள் தெருப் பெண்கள் மடியில் கொத்தமல்லியும் பாலேட்டுக் கிண்ணமும் மறைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சண்டையில் புருஷனைக் கொடுத்தவர்கள், மகனைக் கொடுத்தவர்கள். சுற்றி உட்கார்ந்துகொண்டு, கண்ணெல்லாம் பளபளக்க, "சொல்லுடி, எப்படிச் செத்தான்? காடையப் பத்தி என்ன சொன்னான்?" என்று கேட்டார்கள். கும்ரி சொன்னாள். முதல் தடவை நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. சாயங்காலம் வந்தவர்களுக்குச் சொல்லும்போது தடுக்கவில்லை.